கைக்குள் வளையும் வில்

ஒலிம்பிக் போட்டிகளில் வீரர்கள் பிடித்திருக்கும் வில்லைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் கனமான உலோகப் பிடி இருக்கும். அது துளியும் வளையாது. மேலும் கீழும் பொருத்திய இரு தண்டுகள்தான் வளைந்து நிமிர்கின்றன. மரத்தில் செய்யும் வில்களிலும் பலர் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கட்டையைத் தடிமனாக விட்டுவிட்டு, இரு பக்கமும் மெலிதாகச் சீவுகிறார்கள். கைக்கு வாகாக இருக்கும், அம்பு வைக்க இடமும் செதுக்கலாம்.

இன்னொரு வகை உண்டு. முனை முதல் முனை வரை ஒரே தண்டு. நாணை இழுத்தால் பிடித்திருக்கும் இடமும் சேர்ந்தே வளையும். உள்ளங்கைக்குள் மரம் அசைவது தெரியும். மனிதன் முதலில் செய்த வில் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆல்ப்ஸ் பனியில் 1991-ல் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய ஏட்ஸி என்ற மனிதரின் அருகில் கிடந்ததும் அப்படிப்பட்ட தண்டுதான். யூ மரத்தில் செதுக்கப்பட்ட அதன் நீளம் 182 செ.மீ. செதுக்கி முடிக்காத வில் என்பதால் கோடரி கொத்திய தடங்கள் அதில் இன்னும் இருக்கின்றன. 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நெட்டை வில்களும் இந்த இனமே.

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் கையில் கிடைக்கிற மூங்கிலையோ கட்டையையோ வைத்து ஒருவர் வில் செய்ய நினைத்தால், அவருக்கு நான் பரிந்துரைப்பது இந்த வடிவத்தைத்தான். அதற்கான காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஒரு தண்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் சுருங்குகிறது. வில்லாளியிலிருந்து அப்பால் பார்க்கும் வெளிப்பக்கத்தை முதுகு என்றும், அவரைப் பார்க்கும் உட்பக்கத்தை வயிறு என்றும் சொல்வோம். முதுகு எத்தனை சதவீதம் நீள்கிறது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். தண்டின் தடிமனில் பாதியை, வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும். 170 செ.மீ. நீளமான வில் ஒன்று, 70 செ.மீ. இழுப்பில், முழுத் தண்டும் ஒரே வட்டத்தின் வில்லாக வளைவதாக வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 98 செ.மீ. வருகிறது. தண்டின் தடிமன் 16 மி.மீ. என்றால் முதுகு நீள்வது சுமார் 0.8 சதவீதம்.

அதே வில்லின் நடுவில் 25 செ.மீ. நீளத்தை வளையாத பிடியாக்குங்கள். நாண் கேட்கும் இழுப்பு மாறவில்லை, வளைய வேண்டிய மரம் குறைந்துவிட்டது. ஆரம் 73 செ.மீ.க்கு இறங்குகிறது. முதுகு இப்போது 1.1 சதவீதம் நீள வேண்டும். எண்ணில் சிறிய வித்தியாசம்தான். ஆனால் பெரும்பாலான மரங்கள் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் முறியவோ, வளைந்தபடியே நின்றுவிடவோ தொடங்குகின்றன. முதல் வில் அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறது, இரண்டாவது அதைத் தாண்டிவிட்டது. காப்பாற்ற வேண்டுமென்றால் தடிமனை 12 மி.மீ.க்குக் குறைத்து, இழந்த விறைப்பை ஈடுகட்ட அகலத்தை ஏறக்குறைய இரு மடங்காக்க வேண்டும். கெட்டிப்பிடி மர வில்கள் தட்டையாக, அகலமாக இருப்பதன் காரணம் இதுதான்.

சித்திரையில் வீரபாண்டித் தேர் நகரும்போது வடத்தைப் பிடிக்கும் கைகளில் பத்துப் பேர் விலகினால் மிச்சமிருப்பவர்களின் தோளில் அந்தச் சுமை ஏறும். பிடி வளையாத வில்லில் நடக்கிறதும் அதுவே. பிடியும் வளைகிற வில்லில் சும்மா நிற்கும் மரம் கிடையாது. அதனால் சுமாரான மரத்திலும் அது தாங்குகிறது, நீளம் குறைவான கட்டையிலும் முழு இழுப்புக்கு வருகிறது.

எந்த மரம் என்ற கேள்விக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சடச்சி என்றும் தடசு என்றும் சொல்லும் மரம் உண்டு. துவள்வதற்குப் பேர்போன மரம். வண்டி ஏர்க்கால், கோடரிக் காம்பு என்று அதிர்ச்சி தாங்க வேண்டிய வேலைகளுக்கெல்லாம் அதைத் தேடிப் போவார்கள். வில்லுக்கும் அது பழைய தேர்வு. ஆனால் அந்தக் காடுகள் 2021-ல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே ஒரு குச்சியையும் வெட்டக் கூடாது. காட்டு விலங்குகளை வேட்டையாடுவதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இந்த அத்தியாயத்தின் வில் வைக்கோல் பொதியைக் குறிபார்ப்பதற்கு மட்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நல்லவேளையாக, காட்டுக்குப் போகாமலே கிடைக்கும் மூங்கில் இந்த வேலைக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும் மூங்கில் விற்கும் கடை சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ தேடினால் கிடைக்கும். தோட்டத்து வரப்பில் வளர்ந்த முள்மூங்கிலும் நல்லது. அடிப்பக்கத் துண்டு வேண்டும், அங்கேதான் சுவர் தடிமனாக இருக்கும். லத்திக்குப் பயன்படும் கல்மூங்கில் உள்ளே கெட்டியாக இருப்பதால் இன்னும் தடிமனான பிளாச்சு தரும்.

மூங்கிலைக் குறுக்கே அறுத்த முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உற்றுப் பாருங்கள். சிறு சிறு கரும்புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நார்க்கற்றையின் வெட்டுமுகம். பச்சைத் தோலை ஒட்டிய விளிம்பில் அவை நெருக்கியடித்துக்கொண்டு கறுப்பாகவே தெரிகின்றன. உள்பக்கம் போகப் போக இடைவெளி கூடி, கடைசியில் வெளிறிய சோற்றில் அங்கொன்று இங்கொன்றாக நிற்கின்றன. வெளி விளிம்பில் பாதிக்கு மேல் நார், உள் விளிம்பில் அதில் நாலில் ஒரு பங்குதான். இழுவிசையைத் தாங்குவது நார். எனவே தோல்பக்கம் வில்லின் முதுகாக வர வேண்டும். அந்தத் தோலில் கத்தி படக் கூடாது. கணுமுட்டின் மேட்டை மட்டும் அரத்தால் லேசாகத் தடவி விடலாம். சீவுவதெல்லாம் வயிற்றுப் பக்கம்தான்.

தென்னை, பனை, கமுகு ஆகியவற்றின் வெளிக்கட்டையிலும் இதே அமைப்பு. ஆண்டு வளையம் கிடையாது, வெளியே நார் அடர்த்தி, உள்ளே மென்மை. தென்பாண்டி நாட்டு வில்லுப்பாட்டில் மணிகள் கோத்து நிறுத்தும் பெரிய வில்லைப் பனங்கட்டையில் செய்கிறார்கள். வேறு மரங்களை எடுத்தால் முதுகு ஒரே வளையத்தின் மேல் ஓட வேண்டும். ஒரு வளையத்திலிருந்து இன்னொன்றுக்கு வெட்டித் தாவிய இடத்தில்தான் சிலாம்பு கிளம்பி வில் முறியும்.

மூங்கிலை வெட்டும் காலமும் முக்கியம். சில பருவங்களில் மூங்கிலுக்குள் மாவுச்சத்து அதிகம். அதைத் தின்ன வரும் சிறு வண்டுதான் பிளாச்சைப் பொடிப்பொடியாக உளுக்கவைக்கிறது. மாவுச்சத்து குறைந்த பருவத்தில் வெட்டியது தப்பிக்கும். பிளந்த பிளாச்சை நிழலில் காயவைக்க வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியாகப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும் காற்று ஈரத்தை வேகமாக உறிஞ்சிவிடும். வெட்டிய முனைகளில் பெயின்ட் பூசி அடைக்காவிட்டால் அங்கிருந்து வெடிப்பு ஓடும். ஈரம் மிச்சமிருக்கும் மூங்கில் வளைத்தபடியே நிற்கும், காய்ந்து கருவாடானது ஒடியும். பத்து சதவீதத்தை ஒட்டிய ஈரப்பதம் நல்ல நடுநிலை.

அளவுகள் எளியவை. ஓர் ஆள் உயரம், நடுவில் மூன்றரை செ.மீ. அகலம், முனையில் ஒன்றேகால் செ.மீ. தடிமன் நடுவில் 17 மி.மீ.யில் தொடங்கி முனையில் 11 வரை சரிய வேண்டும். முதலில் வெட்டரிவாள், பிறகு இழைப்புளி, அதன்பின் அரம், கடைசியில் உடைந்த கண்ணாடிச் சில்லு. கருவிகளின் இந்த வரிசைக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. தண்டின் விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில் மாறுகிறது, தடிமனோடு அதன் மும்மடியில் மாறுகிறது. 20 மி.மீ. தண்டை 16 ஆக்கினால் விறைப்பு பாதியாகிவிடும். 16-லிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் 18 சதவீதம் போய்விடும். அரிவாளின் ஒரு கொத்து ஒரு மில்லிமீட்டரைத் தாராளமாக எடுக்கும். கண்ணாடிச் சில்லு முடியளவு சுருள்களாகத்தான் எடுக்கும். அதனால் கடைசி நேர வேலை முழுக்கக் கண்ணாடியின் பொறுப்பு.

வில் செய்வதன் உயிர்ப்பகுதி இனிமேல்தான். சுவரில் ஆளுயரத்தில் ஒரு முளை அடித்து, அதில் வில்லின் நடுவைக் கிடையாகத் தாங்கவைக்க வேண்டும். தளர்வான நீள நாண் ஒன்றை மாட்டி, அதில் ஒரு கயிறு கட்டி, கீழே பதித்த கப்பி வழியாகக் கொண்டுவந்து எதிர்ச்சுவர் பக்கம் நின்று இழுக்க வேண்டும். வில்லுக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்பால் சதுரக் கட்டங்கள் போட்டுக்கொண்டால் வளைவு சரியாகப் புலப்படும். முதலில் நாலு விரற்கடைதான் இழுப்பு. எங்கே தண்டு நேர்கோடாக நிற்கிறதோ அங்கே மரம் அதிகம். எங்கே முழங்கைபோல் மடிகிறதோ அங்கே மரம் குறைவு. நேராக நிற்கும் இடத்தில் பென்சிலால் குறிபோட்டு, அங்கே மட்டும் வயிற்றுப் பக்கம் சீவ வேண்டும். மடியும் இடத்தைத் தொடவே கூடாது. சீவிய பிறகு இருபது முப்பது தடவை மெல்ல இழுத்து விட்டால்தான் மரம் புதிய வடிவத்தை ஏற்றுக்கொள்ளும். அப்புறம் இரண்டு செ.மீ. கூட இழுத்து மறுபடி பார்க்கலாம்.

பிடி வளையும் வில்லில் இந்தக் கட்டத்தில் பலரும் தடுமாறுவார்கள். கெட்டிப்பிடி வில்லில் இரு தண்டுகளையும் தனித்தனியாகச் சமன்செய்யலாம். இதில் முழுத் தண்டும் ஒரே உறுப்பு. நடுவில் அரை மி.மீ. கூடுதலாக எடுத்தால் வளைவெல்லாம் நடுவுக்கே வந்து குவிந்து, வில் கையில் துள்ளும். எனவே முனையிலிருந்து நடுவை நோக்கி வேலையை நகர்த்தி, பிடியைக் கடைசியில்தான் தளர்த்த வேண்டும். முழு இழுப்பில் நடுவில் வளைவு இருப்பது கண்ணுக்குத் தெரியும் அளவு வந்தால் போதும். கீழ்ப்பாதி மேல்பாதியைவிடத் துளி விறைப்பாக இருக்கட்டும். கை நடுவுக்குச் சற்றுக் கீழே பிடிக்கிறது, அம்பு நடுவுக்கு மேலே போகிறது. ஆகவே கீழ்ப்பாதிக்குச் சுமை கூடுதல்.

வயிற்றை உருட்டிவிடுவதா, தட்டையாக வைப்பதா என்று ஒரு பழைய வழக்கு உண்டு. இங்கிலாந்து நெட்டை வில்லின் உருண்ட வயிற்றில் சுமையெல்லாம் நடு மேட்டின் மேலேயே விழுகிறது என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த கிளாரன்ஸ் ஹிக்மன் 1930-களில் கணக்கிட்டுக் காட்டினார். பின்னாளில் ராக்கெட் ஆயுத வேலைகளில் ஈடுபட்ட இயற்பியலாளர் அவர். மரத்துக்கு நார்வழியே இழுவலிமை அதிகம், அழுத்த வலிமை அதில் ஏறக்குறைய பாதிதான். அதனால் முறிவதற்கு வெகு முன்பே வயிறு நசுங்குகிறது. குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் விழுந்தால் நசுங்கல் தொடங்கிவிட்டது என்று பொருள். தட்டை வயிறு சுமையைப் பரப்புகிறது. மூங்கில் பிளாச்சு இயல்பிலேயே தட்டை என்பதால் நமக்கு இந்த வழக்கே இல்லை.

நாணுக்கு இந்த மண்ணிலேயே உலகப் புகழ்பெற்ற நார் ஒன்று உண்டு. ஆண்டிபட்டிப் பக்கத்துப் பாறைக் காடுகளில் புதர்களின் நிழலில், வரிவரியாகப் பச்சைக்கோடு போட்ட வாள்போன்ற இலைகளுடன் நிற்கும் மருள் செடிதான் அது. தாவரவியல் நூல்களில் அதற்கு வழங்கும் ஆங்கிலப் பெயரே இந்திய வில்நாண் சணல் என்பதுதான். இலையைப் பலகையில் கிடத்தி, மழுங்கிய கத்தியால் அடியிலிருந்து நுனிக்கு அழுத்தி வழித்தால் பச்சைச் சாறு வழிந்து வெள்ளை வெள்ளையாக நார் மிஞ்சும். கழுவி உலர்த்தி, தொடையில் வைத்து இரண்டு இழைகளையும் ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாகத் திரிக்க வேண்டும். ஒரு முறுக்கு அவிழப் பார்க்கும்போது மற்றொன்று இறுகும், அதனால் நாண் தானாகப் பிரியாது. எருக்க நாரும் இதே வேலைக்கு ஏற்ற, வலுவான நார்.

நாண் மெலிதாக இருப்பதில் லாபம் உண்டு. நாணின் எடையில் மூன்றில் ஒரு பங்கை அம்போடு சேர்த்துச் சுமப்பதுபோலவே வில் நடந்துகொள்கிறது. முனைகளைக் கூர்மையாக இளைக்க வேண்டியதும் இதே காரணத்தால்தான். தண்டிலேயே மிக வேகமாக நகர்கிற இடம் அதுதான். அங்கே மிச்சமிருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போக வேண்டிய ஆற்றலைத் தின்றுவிடும்.

எவ்வளவு ஆற்றல் என்று பார்ப்போம். முழு இழுப்பில் ஸ்பிரிங் தராசு 18 கிலோ காட்டும் வில்லை எடுத்துக்கொள்ளலாம். நாணேற்றிய நிலையில் நாணுக்கும் பிடிக்கும் இடையே 15 செ.மீ. இருந்தால், நாண் பயணிக்கும் தூரம் 55 செ.மீ. சேமித்த ஆற்றல் சுமார் 50 ஜூல். எளிய மர வில் அதில் அறுபது சதவீதத்தை அம்பிடம் ஒப்படைக்கும் என்று கொண்டால், 30 கிராம் அம்பு மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. விளையாட்டுப் பொருளின் வேகமா இது? ஆள் நடமாட்டமே இல்லாத திசையில், பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில் மட்டும்தான் எய்ய வேண்டும். குழந்தைகள் தனியாகத் தொடக் கூடாது.

மீதி நாற்பது சதவீதம் தண்டிலும் நாணிலும் கடைசியில் உங்கள் கையிலும் அதிர்வாக அடங்குகிறது. பிடி வளையும் வில்லில் இந்த அதிர்வு சற்றுத் தூக்கலாக இருக்கும், ஏனென்றால் நாண் நிமிரும் கணத்தில் பிடியும் அசைகிறது. இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும், குறியும் தப்பும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள கவட்டில் வில் சாய்ந்திருக்க, மற்ற விரல்கள் விழாமல் காத்தால் போதும். அம்பு வைக்காமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய 30 ஜூலும் மரத்துக்குள் திரும்பி வந்து, நல்ல வில்லையும் ஒரே தடவையில் முறித்துவிடும்.

இந்த வில்லில் அம்பு தங்க மேடை கிடையாது. பிடித்த கையின் விரல்முட்டின் மேல்தான் அம்பு படுக்கிறது. நாண் வில்லின் நடுக்கோட்டை நோக்கி வருகிறது, அம்போ தண்டின் அகலத்தில் பாதியளவு விலகி நிற்கிறது. அப்படியானால் அம்பு பக்கவாட்டில் சிதற வேண்டும். ஆனால் சிதறுவதில்லை, நேராகப் போகிறது. வில்லாளர்களை நெடுநாள் குழப்பிய புதிர் இது. ஹிக்மனும் பால் கிளாப்ஸ்டெக்கும் அதிவேகக் கேமராவில் பிடித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. நாண் தள்ளிய அதிர்ச்சியில் அம்பு மீனைப்போல் வளைந்து நெளிந்து, தண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. அது ஒரு நெளிவை முடிக்கும் நேரமும் வில்லைக் கடக்கும் நேரமும் பொருந்த வேண்டும். விறைப்பான அம்பு தண்டில் மோதி ஒரு பக்கம் விலகும், தொளதொளத்த அம்பு மறுபக்கம் விலகும். பிடியும் வளைகிற வில் நடுவில்தான் அகலம் என்பதால் அம்பு அதிகம் சுற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே அது கொஞ்சம் துவளும் அம்பைக் கேட்கிறது. முல்லைப் பெரியாற்றங்கரையில் வளரும் நாணலிலும் கொறுக்கையிலும் அம்பு செய்யும்போது, ஒரே அளவு துவளும் தண்டுகளாகப் பொறுக்கிச் சேர்ப்பதில் செலவிடும் நேரம் வீண்போகாது. பின்முனையில் கோழியிறகு மூன்று கட்டினால் நெளிவு சீக்கிரம் அடங்கும்.

இந்தப் பள்ளத்தாக்கில் வில் எவ்வளவு பழையது? மரம் மக்கிவிடும், இரும்பும் கல்லும் எலும்பும்தான் மிஞ்சும். பள்ளத்தாக்குக்கு வெளியே, ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் நடத்திய அகழாய்வில் இரும்பு அம்புமுனைகள் வந்தன, ஒரு வில்கூட வரவில்லை. ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு கண்டெடுத்த மூன்று நடுகற்களிலும் உருவம் இல்லை, தமிழ்-பிராமி எழுத்து மட்டும் உண்டு. அவற்றில் ஒன்று கூடல் ஊரில் நடந்த ஆகோளில், அதாவது மாடு கவர்ந்த பூசலில், இறந்தவனுக்கு நட்டது. பள்ளத்தாக்கின் தென்மேற்கு முனையில் இன்றும் கூடலூர் இருக்கிறது. அந்த வீரன் கையில் எந்த ஆயுதம் இருந்தது என்று கல் சொல்லவில்லை. பிற்காலத்துத் தருமபுரி, செங்கம் பகுதி நடுகற்களில் அதே வகைப் பூசலில் விழுந்தவர்கள் கையில் வில்லோடு செதுக்கப்பட்டிருக்கிறார்கள். மலைக்கு மறுபுறம் ஆண்ட சேரர்கள் தங்கள் காசிலேயே வில்லைப் பொறித்தார்கள். இன்னும் வடக்கே வயநாட்டில், 1802 அக்டோபரில் குறிச்சியர் பழங்குடியினர் தலைக்கல் சந்துவின் தலைமையில் வில்லும் அம்புமாகச் சென்று கிழக்கிந்தியக் கம்பெனியின் பனமரம் முகாமைக் கைப்பற்றினார்கள்.

கடலுக்கு அப்பால் போனால் சான்று திகைக்கவைக்கும் பழமைக்குப் போகிறது. இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில் ஃபா ஹியன் குகையில் கிடைத்த சிறு எலும்பு முனைகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. அவற்றின் நுனியில் இருந்த முறிவுகள் வேகமாகப் பாய்ந்து மோதியதால் வந்தவை. காலம் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன். மழைக்காட்டின் உச்சிக் கிளைகளில் திரியும் குரங்கையும் அணிலையும் அந்த மக்கள் உணவாக்கிக்கொண்டிருந்தார்கள். அம்பை எய்த வில் எதுவும் எஞ்சவில்லை. ஒற்றைத் தண்டை வளைத்து நார்நாண் கட்டிய எளிய வில்லாகத்தான் அது இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

எய்து முடித்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். வளைந்தபடியே வைத்த மரம் சோர்ந்துபோகும். நாணிறக்கிய வில்லின் முதுகை ஒரு நேர்ச்சட்டத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் முனைகள் சட்டத்தை விட்டு விலகி நிற்கும். அந்த இடைவெளி மூன்று நான்கு செ.மீ. வரை இருந்தால் வில் நலமாக இருக்கிறது என்று பொருள். ஏழு எட்டு செ.மீ.க்குப் போய்விட்டால் வயிறு நசுங்கியிருக்கிறது. எந்த இடத்தில் அதிகம் மடிந்திருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, அடுத்த பிளாச்சில் அந்த இடத்தில் ஒரு மில்லிமீட்டர் கூட விட்டுவைத்து, தண்டையும் நாலு விரற்கடை நீளமாக எடுக்க வேண்டும்.